கோணலாக ஒட்டிய தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பசுவுக்கு உண்ணி குறைந்ததா?

இங்கே வெளிநாட்டில் எங்கள் ஆலையில் செய்யும் உண்ணி மருந்தை இந்த நாட்டில் மாடுகளுக்குப் போடக் கூடாதென்று போன வருடமே தடை வந்துவிட்டது. வேலை போயிற்று என்று பயந்தேன். மேலாளர் சிரித்தார். "இங்க விக்கத்தான் தடை. கப்பல்ல ஏத்தறதுக்கு யாரு தடை போட்டா? நீ பாட்டுக்கு ஒட்டுப்பா" என்றார். அன்றிலிருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கையின் மேல் 'ஏற்றுமதிக்கு மட்டும்' என்று தாள் ஒட்டுகிறேன். எனக்குக் கையுறை, முகமூடி எல்லாம் உண்டு, கவலை வேண்டாம்.

நேற்று தங்கை படம் அனுப்பினாள். நீங்கள் வெறுங்கையால் பசுவுக்கு மருந்து தேய்க்கிறீர்கள். "ஃபாரின் மருந்துண்ணா, அப்பாவுக்கு ஒரே பெருமை!" என்று எழுதியிருந்தாள். டப்பாவில் தாள் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரன் நான் ஒட்டினால்தான் அப்படிச் சாயும்.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இனி அதைத் தொடாதீர்கள். உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை அதில் இருக்கட்டும். அந்தத் தாளை உரித்து, அடியில் இருப்பதைத் தங்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆலை வண்டி வந்துவிட்டது.

அதை ஒட்டி மறைத்த
உங்கள் மகன்