திருப்பி வைத்த துண்டு

அப்பா,

நான் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பின் மேல் காளான் குழம்பு இருக்கிறது. கறிக்குழம்புக்கு நீங்கள் வறுத்து அரைக்கிற அதே மசாலாதான். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நேற்று வழக்கம்போல உங்கள் கறித்துண்டை என் தட்டில் வைத்தீர்கள். பூமிக்காகக் கறியைக் குறைக்கிறேன் என்று நான் அதைத் திருப்பி வைத்தேன். "ஆடு ஏப்பம் விட்டா உலகம் சூடாகுமா? உன்னைப் படிக்க வெச்சேன் பாரு!" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டீர்கள். ஆட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குவது உண்மைதான் அப்பா. ஆனாலும் திருப்பி வைத்திருக்கக் கூடாது. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி வாங்குவோம். உங்கள் துண்டை எனக்கே வையுங்கள், தின்பேன்.

பி.கு.: ருசி பார்க்கிறேன் என்று பாதிக் குழம்பை நானே காலி செய்துவிட்டேன். இருப்பதிலேயே பெரிய காளானை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பி வைக்காதீர்கள்.