டெஸ்ஸாவின் பின்கால்

அன்புள்ள ஜெனலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர, அது தனிக் குடித்தனம் நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய், அலாஸ்காவில் இன்னும் பனி கொட்டுகிறதாமே, ஆஸ்பத்திரி வேலை முடிந்து நடந்து வரும்போது காதை மூடிக்கொள்கிறாயா. இங்கே ஓக்லஹோமாக் காற்று கொடியில் ஒரு துணியை நிற்க விடவில்லை, அப்பாவின் பனியன் ஒன்று பக்கத்துக் கோதுமை வயலுக்குள் போய்விட்டது, தேடுங்கள் என்றால் "அறுப்பு மிஷின்ல வரும், இரு" என்கிறார்.

சின்னப் பெண்களின் சாஃப்ட்பால் அணிக்கு நான் கோச் ஆனதைப் போனில் சொன்னபோது சிரித்தாய் அல்லவா, இப்போது முழுக் கதையையும் கேள். எங்கள் அணியில் டெஸ்ஸா என்று ஒருத்தி, தபால் ஆபீஸ் ரோண்டாவின் மகள், ஒன்பது வயது, நாரை மாதிரி கால். பந்தைப் பார்க்கிற கண்ணும் மட்டையைப் பிடிக்கிற கையும் அவளுக்கு அவ்வளவு அழகு, ஆனால் ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடித்ததில்லை. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, வெறும் கையால் ஈ ஓட்டுவது போல வீசுவாள். நான் சொல்லாததா, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வை, முழங்காலைத் தளர்த்து, பாரத்தைப் பின்காலில் வை, முதலில் இடுப்பு திரும்பட்டும், கை அதன் பின்னால் தானாக வரும், கரப்பான் பூச்சியை நசுக்குகிற மாதிரி பின்காலைத் திருகு என்று தொண்டை வற்றச் சொன்னேன். பெய்லி என்கிற குட்டி "ஐயோ எங்க கரப்பான்?" என்று அலறிக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். டெஸ்ஸா தலையாட்டுவாள், காலை அகட்டி வைப்பாள், பந்து வருகிற நேரத்தில் பின்கால் தானாக முன்காலோடு போய் ஒட்டிக்கொள்ளும், திருகவே திருகாது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "கோச், சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் ஜெர்சியைத் துவைச்சுத் திருப்பிக் குடுத்துர்றேன். எனக்கு இது வராது" என்றாள். அழக்கூட இல்லை ஜெனல், அதுதான் என்னை என்னவோ செய்தது.

எனக்கு ஒன்று புரியாவிட்டால் சாப்பாடு இறங்காது என்று உனக்குத் தெரியும். வீட்டில் களஞ்சியத்துக் கூரை வரை அடிக்கிறாள் என்று ரோண்டா சொல்கிறாளே, வீட்டில் பறக்கிற பந்து திடலில் ஏன் பறக்கவில்லை? அப்பா, "பிள்ளையை விடேன் லொரீன், குடையாதே" என்றார். நான் குடைகிற ரகம் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட பலகாரம் ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு ரோண்டா வீட்டுக்குப் போனேன்.

கொல்லைப்புறம் பார்த்ததும் பாதி விளங்கியது. வாசல் முதல் வேலி வரை நெருஞ்சி முள், செருப்பையும் குத்திக்கொண்டு உள்ளே வருகிற ஜாதி. முள் இல்லாத ஒரே இடம் சூறாவளிக்கு ஒளிகிற நிலவறையின் மேல்தளம், அந்த சிமெண்டுப் பலகைதான். டெஸ்ஸா வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றுகொள்ள, ரோண்டா கீழே பூட்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாகப் பந்து போட்டாள். பெண் அடித்தாள் பார், கூரைத் தகரம் அதிர்ந்தது! அந்த மெதுப் பந்துக்குக் காலை ஒட்டி வைத்த கை வீச்சே போதும், திடலில் வருகிற வேகத்துக்குத்தான் போதாது. மீதியும் விளங்கவேண்டும் என்று மட்டையை வாங்கிக்கொண்டு நானே மேலே ஏறி, நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே காலை அகட்டி, முழு வேகத்தில் வீசித் திரும்பினேன். என் குதிகால் போய் இரும்பில் இடித்த இடியில் கண்ணில் பூச்சி பறந்தது. நிலவறைக்குக் காற்றுப் போகிற குழாய், சரியாகப் பின்கால் திரும்புகிற இடத்தில் நட்டுக்கொண்டு நிற்கிறது! டெஸ்ஸா பதறாமல், "எல்லாரும் முதல் தடவை இடிச்சுக்குவாங்க கோச்" என்றாள். அப்படியானால் குழாய் இடிக்கும் என்றுதான் காலை ஒட்டி வைக்கிறாயா, திடலில்தான் குழாய் இல்லையே என்றேன். அவள் தன் பாதத்தைக் குனிந்து பார்த்து, "எனக்குத் தெரியுது கோச், என் காலுக்குத் தெரியலையே" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன பாடம் நடத்த? குழாயைப் பிடுங்க முடியாது, மே மாதம் சூறாவளி வந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அதன் வழியாகத்தான் மூச்சு. ஆகவே தரையில் இடம் வேண்டும். நெருஞ்சிக்கு இங்கே ஒரே வைத்தியம்தானே, அடர்ந்த பழைய கம்பளத்தைக் குப்புறப் போட்டு வண்டியில் கட்டி இழுக்கவேண்டும், முள்ளெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். ரோண்டாவிடம் கம்பளம் இல்லை. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, உன் அறையில் விரித்தது. நீ போனதிலிருந்து அந்த அறையில் ஒரு நாற்காலியை நகர்த்தக்கூட நான் விட்டதில்லை, அப்பா சொல்லியிருப்பார். அவரே வாசலில் நின்று "நெஜமாவா சொல்றே?" என்று கேட்டார். "கேள்வி கேக்காம அந்தப் பக்கம் புடிங்க" என்றேன். நீ நகப்பூச்சு கொட்டிய கறையை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன், மறைப்பானேன், பிறகு சுருட்டிவிட்டேன். அடுத்த நாள் அப்பா அதைப் புல்வெட்டுகிற வண்டியில் கட்டி ரோண்டாவின் கொல்லையை உழுகிற மாதிரி உழுதார். முடிந்தபோது கம்பளத்தில் பூ எது முள் எது தெரியவில்லை. பிறகு இருட்டும் வரை நான் பந்து போட்டேன். முதலில் அதே ஒட்டல்தான். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் திரும்பிப் பார், குழாய் இல்லை என்று உன் காலுக்கு நீயே காட்டு என்றேன். காட்டினாள். கடைசியில் ஒரே ஒரு தடவை பின்கால் திருகியது.

சனிக்கிழமை அவள் மட்டையோடு வந்து நின்று திரும்பித் தரையைப் பார்த்தாள். நடுவர், "என்னம்மா தேடுற?" என்று கேட்க, "குழாய். இல்லை, நீங்க ஆரம்பிங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நான் அவள் பின்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தை விட்டாள். இரண்டாவதற்கு இடுப்பு திரும்பியது, கை அதன் பின்னால் வந்தது, மட்டையில் பட்ட சத்தம் திடலுக்கு அடுத்த தானியக் கிடங்கில் மோதித் திரும்பி வந்தது. என்ன செய்ய, பந்து நேராக எதிரணிப் பெண்ணின் கையுறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவுட். இவள் அது தெரியாமல் ஓடிப்போய் நின்று சிரிக்கிறாள், நான்தான் போய் அழைத்து வந்தேன். "அவுட்டா? பரவால்ல. சத்தம் கேட்டீங்களா கோச்?" என்றாள். எல்லோரும் போன பிறகு அவள் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன், செம்மண்ணில் கால் திருகிய தடம் பிறை மாதிரிப் பதிந்திருந்தது. ஜெர்சியை யாரும் திருப்பித் தரவில்லை, அழுக்கோடு போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை என்று காப்பியிலேயே காலம் தள்ளாதே. உன் கையும் காலும் உடம்பும் நன்றாயிருக்கக் கடவுள் துணையிருக்கட்டும். அப்பா அடுத்த வாரம் உன் அறைச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறாராம், என்ன நிறம் என்று நீதான் சொல்லவேண்டும், நான் இனிமேல் தடுக்கமாட்டேன். ஒன்று மட்டும் மறக்காதே, வரும்போது வீட்டுக்குள் போட ஒரு செருப்பு கொண்டு வா, உன் அறையில் இப்போது வெறும் தரை, காலையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. நான் தினமும் வைத்துப் பார்க்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
லொரீன்