பிரேக்கைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும், அண்ணா

என் அன்பு சேவியர் அண்ணாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பேசாமல் திரும்பிவிடுகிறேன். நேரில் நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகள் ஷீலாவை நான் சாகடிக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது.

முதலில் உன் பழைய ஹெரால்டு காரின் கதையைச் சொல்கிறேன். நீ இன்ஜினை மட்டும் முடித்துவிட்டுப் போய்விட்டாய். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. அண்ணி விற்றுவிடலாம் என்றார்கள். வந்த புரோக்கர் அதை இரும்பாக எடை போட்டுத்தான் கேட்டான். "நான் எடுத்துக்கறேன் அண்ணி, எனக்கு வேலைக்கு வண்டி வேணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அது பொய் இல்லை. என் வேலைதான் உனக்குத் தெரியுமே. காலை ஆறு மணியிலிருந்து மல்லேஸ்வரத்தில் வீடு வீடாக ஏறி ரத்தம் எடுத்து, எட்டரைக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?

ஆகவே வண்டியை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற வசதி எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அதற்கு வைத்தியம். எதைக் கழற்றினாலும் திங்கட்கிழமை விடியும்போது அது ஓட வேண்டும். யஷ்வந்த்பூரில் ஷெட் வைத்திருக்கிற ரஹீம் பாய்தான் எல்லாம் செய்து கொடுத்தார். ஒரு ஞாயிறு கதவுக் கீல், ஒரு ஞாயிறு வயரிங். நீ சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்த தரை ஞாபகம் இருக்கிறதா? சாக்கை எடுத்தால் கீழே ரோடு ஓடுவது தெரியும். மழை நாளில் முழங்கால் வரை சேறு தெறிக்கும். பழைய பஸ்ஸின் தகட்டை வெட்டி வந்து பாய் அதை அடைத்தார். மூன்று வாரம் பக்கத்து சீட்டே இல்லாமல், அந்த இடத்தில் ஐஸ் பெட்டியைக் கயிற்றால் கட்டி ஓட்டினேன். சிரிக்கிறாயா?

அப்புறம் ஷீலாவுக்கு வரன் வந்தது. பையன் அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான், நல்ல பிள்ளை. நிச்சயத்தன்று எல்லாரையும் ஹெரால்டில்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியனுப்ப வெளியே வந்த பையனின் பெரியம்மா வண்டியில் லேசாகச் சாய்ந்தார். அவர் பட்டுப்புடவையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஒட்டிக்கொண்டது. முந்தானையை ஒரு தடவை தட்டினார், அவ்வளவுதான். அண்ணி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வெடித்துவிட்டார்கள். "கல்யாணத்துக்கு இந்த டப்பா சர்ச் வாசலுக்கு வரக்கூடாது, லில்லி. வாடகைக்கு ஒரு கார் பிடிச்சுக்கலாம்."

ஷீலா அமைதியாக, "நான் அப்பா வண்டியிலதான் போவேன்" என்றாள். உன் பிடிவாதம் அப்படியே.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொன்னேன்: "கல்யாணத்துக்குள்ள பெயிண்ட் அடிச்சுடறேன். மேலே பால் வெள்ளை, கீழே கரும்பச்சை. அண்ணன் ஆசைப்பட்ட கலர்."

அந்தப் பெயிண்டுக்காக ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தேன். கல்யாணத்துக்கு ஒரு மாசத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஒரு நாள் காலை பிரேக் வழக்கத்தை விடக் கீழே இறங்குவது போல இருந்தது. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு பாயிடம் போனேன். அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"தண்ணி இல்ல அக்கா, பிரேக் ஆயில். பின்னாடி சிலிண்டர் லீக். மெயின் சிலிண்டரும் தேஞ்சுபோச்சு. ரெண்டையும் மாத்தணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஜே.சி. ரோட் பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்காது. மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கணும், பத்து நாள். அதுவரைக்கும் ஓட்டாதீங்க. நக்கோ அக்கா, வேண்டாம்."

அவர் சொன்ன தொகையும் நான் பெயிண்டுக்கு வைத்திருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டில் ஒன்றுதான் முடியும். நான் என்ன முடிவெடுத்தேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

பெயிண்ட் அடித்தால் ஊரே பார்க்கும். பிரேக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படித்தான் நினைத்தேன், அண்ணா. "கல்யாணம் முடிஞ்சதும் மாத்திக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றுவேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன். முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் ஒரு வீடு தூரம் விட்டுத்தான் போவேன். ஒவ்வொரு நாளும் வண்டியை வாசலில் நிறுத்தும்போது, இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, நாளைக்கும் ஆகாது என்று சொல்லிக்கொள்வேன். பதினேழு நாள் அப்படியே ஓட்டினேன்.

பெயிண்ட் அடித்து மூன்றாவது நாள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்க ஷீலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்து வெள்ளைப் புடவை அவள் மடியில் இருந்தது. "அத்தை, எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உண்மைதான். சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரர்கூட கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏரிப் பக்கம் இறங்குகிற சரிவில் திரும்பினேன். கீழே ஒரு ஸ்கூல் வேன் நின்றிருந்தது. பிள்ளைகள் இறங்கி ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போய்விட்டது.

மறுபடி மிதித்தேன். மறுபடியும். அங்கே ஒன்றுமே இல்லை, அண்ணா. காற்றை மிதிப்பது போல இருந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தேன், வண்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்தேன். அதுவும் பிடிக்கவில்லை. ஒழுகின ஆயில் எல்லாம் அது பிடிக்கிற பின் சக்கரத்து லைனிங்கில்தானே ஊறியிருந்தது? அதுகூட எனக்குத் தெரிந்ததுதான். ஹாரனை அழுத்தினேன். பிள்ளைகள் ஓடாமல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஷீலா, பிடிச்சுக்கோ" என்று கத்திவிட்டு இடது பக்கம் ஒடித்தேன். ஒரு வீட்டின் கல் காம்பவுண்டுச் சுவரில் உரசிக்கொண்டே போனது வண்டி. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. சுவர் முடிகிற இடத்தில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். அதில் ஏறி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஷீலா டாஷ்போர்டில் கையை ஊன்றியிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைப் புடவையில் சொட்டியது. தினமும் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு அவள் நெற்றியில் கைக்குட்டையை வைத்து அழுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

ஆஸ்பத்திரிக்கு அண்ணி ஓடி வந்தார்கள். ஷீலா முந்திக்கொண்டு, "அம்மா, பிரேக் திடீர்னு போயிடுச்சு. அத்தை மட்டும் திருப்பலன்னா அந்தக் குழந்தைங்க..." என்று அழுதாள். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "என் பொண்ணைக் காப்பாத்திக் கொடுத்துட்ட, லில்லி." வேன் டிரைவர் வந்து கும்பிட்டார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

வண்டியை இழுத்துப்போக ரஹீம் பாய் வந்தார். பின் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றி ஆள் இருந்ததால் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் அருகில் வந்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நாலு நாள் சொல்லவில்லை. நரம்பு கிடைக்காமல் ஒரு பெரியவரின் கையில் மூன்று முறை குத்திவிட்டேன். ஐந்தாம் நாள் அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்கள்: "சர்ச் சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை நன்றிப் பூசை. உன் பேரைத்தான் வாசிப்பாங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வேண்டாம் அண்ணி. பிரேக் திடீர்னு போகல. எனக்கு முன்னாடியே தெரியும்."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்கள். "எவ்வளவு நாளா?"

"பதினேழு நாள்."

"அதுல என் பொண்ணு எத்தனை தடவை உக்காந்தா?"

"ஆறு தடவை."

அண்ணி என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவினார்கள். முதுகைக் காட்டியபடியே, "போ லில்லி. கல்யாணத்துக்கு வா, அவ கேப்பா. ஆனா என்கிட்ட வராத" என்றார்கள்.

கல்யாணத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஷீலா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கை மாவுக்கட்டின் மேல் யாரோ வெள்ளை லேஸ் சுற்றிவிட்டிருந்தார்கள். இடது கையால்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். உன் இடத்தில் அவள் சித்தப்பா, அண்ணியின் தங்கை கணவர், அவளோடு நடந்து வந்தார். போட்டோவுக்கு ஷீலா என்னைத் தேடினாள், நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அண்ணி அவளிடம் எதையும் சொல்லவில்லை. காப்பாற்றிய அத்தை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அண்ணி கோபத்தைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாசம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பாதி வீடுகள் கை நழுவிப் போயின. வந்ததில் மிச்சம் பிடித்து, முதலில் பிரேக் வாங்கினேன். நாலு சக்கரத்துக்கும் புது சிலிண்டர், புது பைப், புது லைனிங். பெயிண்டைத் தொடவில்லை. இடது பக்கம் இன்னும் துரு பிடிக்காமல் இருக்க பாய் பூசின சாம்பல் பூச்சோடு, ஒடுக்கு விழுந்தபடிதான் இருக்கிறது. சிக்னலில் யாரும் கட்டை விரலைத் தூக்குவதில்லை.

போன மாசம் ஒரு ஞாயிறு. அண்ணி என் வாசலில் வந்து நின்றார்கள். எட்டு மாசம் கழித்து!

"ஷீலா அஞ்சு மாசமா இருக்கா. அத்திபெலே பஸ்ல நின்னுக்கிட்டுப் போக என் முட்டி ஒத்துக்கல. பிரேக் எப்படி இருக்கு?"

"புதுசு அண்ணி."

"ஓட்டிக் காட்டு."

தெருவில் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் ஓட்டச் சொன்னார்கள். கையைக் காட்டுவார்கள், நான் நிறுத்த வேண்டும். நாலு தடவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பின் சீட்டில் ஏறி, "நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றார்கள். ஓசூர் ரோடு முழுக்க, லாரி முன்னால் வரும்போதெல்லாம் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது.

ஷீலா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "அத்தை, இனிமே செக்கப்புக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். உங்க கையில வண்டி இருந்தா எனக்கு பயமில்ல."

அண்ணி என்னைப் பார்த்தார்கள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன், அண்ணா. வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்டுக்காகத்தான் என்பதையும் சொன்னேன். அவள் தன் மணிக்கட்டை ஒரு தரம் தடவிக்கொண்டாள். குளிர் வந்தால் அது இன்னும் வலிக்குமாம். "உள்ள வாங்க, சாப்பிடுங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நேற்று மாலை பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. நான் ஹலோ சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"திங்கக்கிழமை செக்கப். பதினோரு மணிக்கு வாங்க. அதுக்கு முன்னாடி ரஹீம் பாய்கிட்ட வண்டியக் காட்டுங்க. அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. அவர் சொன்னத அப்படியே சொல்லணும் அத்தை, ஒரு வார்த்தை விடாம."

இன்றைக்குக் காலையில் பாயிடம் காட்டினேன். முன் சக்கரத்து பேரிங்கில் லேசாகச் சத்தம் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். உடனே போன் பண்ணி அவளிடம் அப்படியே சொன்னேன். "அப்போ அதை மாத்திட்டு அடுத்த செக்கப்புக்கு வாங்க. இந்தத் தடவை நான் பஸ்ல போயிக்கறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இப்படி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அன்றைக்கு நான் சொல்லியிருந்தால்?

பேரிங் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது. உன் மகளும் அவள் பிள்ளையும் அந்த வண்டியில் காலை வைக்கிற ஒவ்வொரு தடவையும், அதில் என்ன பழுது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஏறுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

உன்னோடு பிறந்தவள்,
உன் ஒரே தங்கை,
லில்லி