பீரங்கி என்றுதான் நினைத்தோம்

பெல்மோர், மிசிசிப்பி
ஞாயிறு மாலை

அன்பு மகன் லமான்டுக்கு அப்பா எழுதுவது,

கொரியாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொன்னால் பொய். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, கீரையில் உப்புப் போட்ட பன்றிக்காலைச் சேர்த்தே வேகவைக்கிறாள். ஏதாவது சொன்னால் நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள், பிறகு நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன். பின்பக்கத்துப் பெக்கான் மரம் இந்த வருஷம் காயாகக் கொட்டித் தீர்க்கிறது, பொறுக்கத்தான் ஆளில்லை. நீ அனுப்பிய கடல்பாசிப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து இதை மனுஷர்கள் தின்கிறார்களா என்று கேட்டவள், இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு பாக்கெட்டைக் காலி செய்கிறாள்.

நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதி எத்தனையோ காலமாயிற்று. நீ போனை எடுத்தால் இதற்கு வேலையே இல்லை. போன முறை, "அப்பா, நீங்க சும்மா இருங்க, நான் லீவுல வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று நான் கேட்டது உன் காதில் விழுந்ததோ இல்லையோ. அதற்குப் பிறகு அம்மா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, ரோட்ரிக் கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாயாம். உன் அத்தை மகன், தம்பி கோர்டெலைப் பறிகொடுத்து நிற்கிறவன், அவனோடு பேசாதே என்று எந்த வாயால் சொல்வேன். ஆனால் அவன் சொல்வதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது, அன்றைக்கு அவன் மெம்பிஸில் வேலையில் இருந்தான். நான் அங்கே நின்றேன். கண்டதை முழுதாக ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமே நேற்றுதான் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பழைய மாணவர்களெல்லாம் திரும்பி வரும் ஹோம்கமிங் ஆட்டம் என்றால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சிகாகோ, டெட்ராய்ட் என்று போனவர்களெல்லாம் வந்து இறங்கியிருந்தார்கள், வாசலில் கார் நிறுத்த இடமில்லை. நானும் ஓடெல் பர்டைனும் வழக்கம்போல பள்ளி மைதானத்தின் தெற்குக் கோடியில் பீரங்கியோடு நின்றோம். அந்தப் பள்ளியை முடித்த காலத்திலிருந்து அது எங்கள் இருவர் பொறுப்பு. மருந்தைப் போட்டு இடிப்பது அவன், கயிற்றை இழுப்பது நான். குண்டெல்லாம் கிடையாது, வெறும் சத்தமும் புகையும்தான். நம் பையன்கள் டச்டவுன் அடித்தால் ஒரு வெடி, ஜெயித்தால் ஒன்றன் பின் ஒன்றாகப் பல வெடி. கோர்டெல் பழைய பாண்டு கோஷ்டியோடு டிராம்போன் ஊத வந்திருந்தான். இடைவேளையில் எங்களைத் தாண்டிப் போகும்போது, "மாமா, உங்களால எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே காது போயிடும்" என்றான். உனக்குத்தான் பொண்ணே கிடைக்கலையேடா என்று ஓடெல் சொன்னான், மூன்று பேரும் சிரித்தோம்.

ஜெயித்தோம். வெடியெல்லாம் வெடித்து முடித்தேன், மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன், ஈரத் துணி சுற்றிய கழியைக் குழாய்க்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வெளி வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, கெளுத்தி வறுவல் கடை முன்னால் நீள வரிசை. அப்போதுதான் கேட்டது. முதலில் ஒன்று, உடனே இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. லமான்ட், ஜனங்கள் கைதட்டினார்கள். பாண்டுப் பிள்ளைகளில் ஒருவன் அதற்கேற்ப முரசைக்கூடத் தட்டினான். படிக்கட்டு வரிசையிலிருந்து யாரோ என்னைப் பார்த்துக் கையாட்டி, "க்ளியோ, இன்னொண்ணு போடு" என்று கத்தினான். அந்தக் கூட்டத்திலே அது பீரங்கி இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் ஓடெலும். படுங்கள், படுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நானும் கொண்டாடுகிறேன் என்று நினைத்து ஒருத்தி பதிலுக்குக் கூவினாள். சிரித்தபடி நின்ற ஜனங்கள் ஓடத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோர்டெல், தன் அம்மாவுக்குப் பிடிக்குமே என்று மீன் வாங்க அந்த வரிசையில் நின்றிருந்தான். அவனுக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, போனில் எவனோ எவனையோ கேலி செய்து போட்ட ஏதோ ஒன்றுக்காக இரண்டு கும்பல் மோதிக்கொண்டதாம். அவன் கழுத்தை நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

ஆனால் அவனிடம் ஓடிப் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும். வாசல் பக்கமிருந்து ஒரு பையன் கூட்டத்துக்கு எதிராக எங்களை நோக்கி ஓடி வந்தான். சட்டையின் தலைமுக்காடு பின்னால் சரிந்திருந்தது, துப்பாக்கி கையிலேயே இருந்தது. ஓடெலின் மகன் ஜாவியன். சின்ன வயதில் உன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வருவானே, அவனேதான். அப்பாவைப் பார்த்ததும் பீரங்கிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டான். ஓடெல் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "வீட்டுக்குப் போ" என்றான். அவ்வளவுதான். பையன் வேலியை எகிறிக் குதித்துப் போய்விட்டான்.

அன்றைக்கு எல்லோரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்து விசாரித்தார்கள். ஊர் முழுக்க ஒரே பதில், பீரங்கி என்றுதான் நினைத்தோம், அதனால் திரும்பியே பார்க்கவில்லை. முதலில் சொன்னவர்களுக்கு அது நிஜமாகத்தான் இருந்தது. அப்புறம் அதுவே எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. மீன் கடைக்கு நேர் எதிரே நின்றவனும் பீரங்கி என்கிறான், கார் கண்ணாடி உடைந்து மடியில் விழுந்தவளும் பீரங்கி என்கிறாள். ஷெரிஃப் ஆபீசுக்குப் போய் வாய் திறந்தவர்களுக்கு நம் பக்கத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஆபீசும் நமக்காக உருகினதில்லை, அதனால் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். என்னையும் கேட்டார்கள், ஓடெல் பக்கத்திலேயே நின்றான். குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சட்டைக் கையில் கோர்டெலின் ரத்தம் காயவில்லை, அப்படியும் என் வாயில் அதுதான் வந்தது.

அடக்கம் செய்த பிறகு ஊரே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஜாவியன் பெயர் எல்லோருக்கும் தெரியும், எழுத்தில்தான் எங்கும் இல்லை. சர்ச்சில் டீக்கன் என் தோளில் கைபோட்டு, இந்த வயசுல கண்ணு மங்கறது சகஜம்தான் பிரதர் க்ளியோ, கவலைப்படாதீங்க என்கிறார். நான் கண்ணைப் பற்றி அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. மீன் ஆலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் என் வண்டியின் முன்மூடியில் ஒரு வெற்றுத் தோட்டா நிறுத்தி வைத்திருக்கிறது, விழாமல், பொறுமையாக நிறுத்தி வைத்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பாக்கிய ஒரு கார் நம் தெருவில் நடந்து போவதுபோல மெல்லப் போகிறது, திரும்பி வருகிறது. அம்மா முன்னறைத் திரையைத் திறப்பதே இல்லை. படுக்கையைக்கூடத் தெருப் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னாள்.

நம் அணி ஜெயித்துக்கொண்டே போகிறது, தாங்க்ஸ்கிவிங் வாரத்து வெள்ளிக்கிழமை ஆட்டம் நம் மைதானத்தில்தான். பீரங்கி உண்டா என்று பள்ளியில் கேட்டார்கள், நான் இனி கயிற்றைத் தொட மாட்டேன் என்றேன், அதற்கும் முகம் சுளிக்கிறார்கள், ராசி போய்விடுமாம். ரோட்ரிக் தம்பி படம் போட்ட சட்டைகள் அடித்து வைத்திருக்கிறான். அவன் ஆட்களெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு அதே வாசலில் நிற்கப் போகிறார்கள். ஜாவியன் பக்கத்துப் பையன்களும் வருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அளவுக்கு ஒரு சட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறான், நானே பார்த்தேன், அவன் வண்டியின் பின்சீட்டில் மடித்துக் கிடக்கிறது. உன் லீவும் அந்த வாரம்தான். அதே கூட்டம், அதே வாசல், அதே வரிசை. ராணுவத்தில் இருப்பவன், குறி தப்பாது என்று அவர்கள் உன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது என் காதுக்கே வருகிறது. நீ பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு பயந்ததில்லை.

புதன்கிழமை ஓலீத்தா அத்தை வந்தாள். ஆளே பாதியாகிவிட்டாள். சாப்பிடச் சொன்னதற்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, எனக்குப் பேரு வேணும். ரோட்ரிக் வாயில வர்ற பேரு இல்ல, ஜட்ஜு முன்னால சொல்ற பேரு. இல்லன்னா இருக்கற ஒருத்தனையும் நான் பொதைக்கணும்" என்றாள். நான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டாள்.

இன்றைக்கு சர்ச் முடிந்து வண்டியை எடுக்கப் போனால் ஓடெல் அதில் சாய்ந்து நிற்கிறான். அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை, ஆலையில் எதிரெதிரே நின்று மீன் அறுக்கிறோம், கத்திச் சத்தம் மட்டும்தான். உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன், அதை மறந்து நான் எதையும் எழுதவில்லை. "பீரங்கின்னு நெனச்சேன்னு சொல்லிடு க்ளியோ, ஊரே அதத்தான சொல்லுது" என்றான். "பீரங்கிக்குள்ள கை விட்டுட்டு நின்னவன் அத எப்படிடா சொல்லுவான்?" என்று கேட்டேன். பையனுக்குப் பதினேழு வயசுதான் என்றான். கோர்டெலுக்குப் பத்தொன்பது என்றேன். பிறகு அழுதான், நானும் அழுதேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். பையனை அழைத்துக்கொண்டு நாமே ஷெரிஃப் ஆபீசுக்குப் போவோம், நான் வண்டி ஓட்டுகிறேன், இரண்டு அப்பன்களோடு உள்ளே போனால் உயிரோடு உள்ளே போவான், லமான்டும் ரோட்ரிக்கும் அவனை முதலில் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார் என்றேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆகையால் நாளைக் காலையில் வேலைக்குப் போகவில்லை. முதலில் ஓடெல் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். அவனும் பையனும் வந்தால் கடவுள் புண்ணியம். கதவு திறக்காவிட்டால் தனியாகப் போய், கண்டதையும் கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அம்மாவிடம் சொன்னேன்.  போங்க, ஆனா அவன் வரக் கூடாதுன்னு எழுதி வச்சிட்டுப் போங்க என்றாள். அதனால்தான் இது.

லமான்ட், இதுவரை உனக்கு எழுதியதிலும் பேசியதிலும் எப்போது வருகிறாய் என்று கேட்காத நாளில்லை. இப்போது சொல்கிறேன், வராதே. லீவை வேண்டாமென்று எழுதிக் கொடு. நீ செய்யப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலையை உன் கைக்கு வரவிடாமல் நான் எடுத்துக்கொண்டேன், அது இனி என்னுடையது. அப்பா பயந்தாங்கொள்ளி, ஊரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ரோட்ரிக் சொல்வான், சொல்லட்டும், நீயும் நினைத்துக்கொள். நாளைக்குப் பிறகு எனக்கு ஏதாவது ஆனால், அதற்கும் வராதே. என் அடக்கத்துக்கும் வராதே. அங்கே ரோட்ரிக் உன் பக்கத்தில் நின்று காதில் இன்னொரு பெயர் சொல்வான், என் படம் போட்ட சட்டையும் உன் அளவில் ஒன்று இருக்கும். அம்மாவை ஓலீத்தா பார்த்துக்கொள்வாள், காரணம் சொல்லாமல் பேசி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு நிற்காதே, உன் அதிகாரியிடம் மரியாதையாக நடந்துகொள். நீயும் கோர்டெலும் உருண்டு விளையாடிய இந்த வீட்டில் ஒரு பிள்ளையாவது கிழவனாக வேண்டும், தலை நரைத்து, முட்டி வலித்து, பேரப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு. கடவுள் உன் கையைச் சுத்தமாக வைத்திருக்கட்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா
க்ளியோத்தா