கர்னலின் எச்சில்

ஜூன் 6, 2002. வியாழன்
நொவேனா ஜெபத்துக்குக் கட்டிக்கொண்டு கிளம்பிய நீலச் சேலையில் இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் எச்சில். கர்னல் என் மேல் சாய்ந்து நின்றதன் பலன். கன்றுக்குட்டி உயர நாய். தலையை ஒரு உதறு உதறினால் எச்சில் ஃபேன் இறக்கையில் போய் ஒட்டுகிறது. சோறு தின்னும்போது மேலே பார்க்கவே பயம்.
கோயிலுக்குப் போகவில்லை. சேலையை ஊறப் போட்டேன்.

ஜூன் 8
தாஸ் கார் ஓட்டுவது வைட்ஃபீல்டில், மஞ்சுநாத் சாருக்கு. சார் அமெரிக்கா போகும்போது, ‘கொஞ்ச நாள் பார்த்துக்கோ தாஸ்’ என்று இந்தக் கிரேட் டேன் ஜாதி நாயைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். என் புருஷனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது. சார் ஃபோன் பண்ணினால் எழுந்து நின்றுதான் பேசுகிறார். அமெரிக்காவிலிருந்து தெரியவா போகிறது?
கார்மென்ட்ஸ் வேலை முடிந்து வந்தால், கூடமெல்லாம் நுரை நுரையாக வாந்தி. என் குளியல் சோப்பைத் தின்றிருக்கிறது. தின்றுவிட்டு, மனுஷன் மாதிரி சோபாவில் பின்பக்கத்தை வைத்து, முன்னங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறது. சீ.

ஜூன் 10
வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். படிக்கட்டில் கர்னல் அவர் மனைவியைச் சுவரோடு சேர்த்துச் சாய்ந்து நின்றதாம்.
பாதிக் கன்னடத்தில் என் பேரைச் சொல்லி ஆரம்பித்தார்: ‘நோடம்மா பெட்டி, இங்கே பாரு, அதுக்கு அடக்கம் கத்துக்குடு. இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு.’
விஷயம் சார் காதுக்குப் போனது. ஃபோனிலேயே நாய்க்கு டிரெயினிங் ஏற்பாடு பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தாஸுக்கு சார் கம்பெனியில் டூட்டி. அப்போ கூட்டிக்கொண்டு போவது யார்? நான்தான், வேறு யார்.

ஜூன் 16, ஞாயிறு
ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு மைதானம். சுந்தரம் மாஸ்டருக்கு முறுக்கு மீசை, கையில் பிரம்பு. ‘சிட்’ என்றதும் மற்ற நாய்கள் உட்கார்ந்தன. கர்னல் கொட்டாவி விட்டது. ‘ஹீல்’, அதாவது பக்கத்திலேயே நட, என்றதும் என் கால்களுக்கு நடுவே தலையை விட்டு என்னைத் தூக்கப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு பலூன் உருண்டு வந்தது. அதைப் பார்த்து இந்த மலை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நடுங்குகிறது!
திரும்பும்போது செத்த பெருச்சாளி மேல் புரண்டது. எந்த ஆட்டோவும் ஏற்றவில்லை. விவேக் நகர் வரை அந்த நாற்றத்தோடு நடந்தேன்.

ஜூன் 23
இன்றும் போனோம். எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு
இதை இப்பவே எழுதிடணும்.
மாஸ்டர் இன்னிக்கு முள்ளு வச்ச சங்கிலி கொண்டு வந்தாரு. முள்ளு உள்பக்கமா. ‘பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்தீங்களா?’ன்னு கேட்டாரு. இல்லேன்னேன். ‘அதான் இந்தத் திமிரு’ன்னு சங்கிலியைக் கழுத்துல மாட்டி ஒரே சுண்டு சுண்டினாரு. கர்னல் கத்தலை. உட்காரவும் இல்லை. என்னையே பார்த்துச்சு. பிரம்பால மூக்கு மேல அடிச்சாரு. நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுச்சு. அதுலயே வயித்தை ஒட்டிப் படுத்துது.
‘பார்த்தீங்களா மேடம், டவுன்! இப்படித்தான் படியும்’ — சிரிக்கிறாரு. சுத்தி நின்னவங்க கை தட்டுறாங்க.
குமட்டிக்கிட்டு வந்துச்சு எனக்கு. நாயைப் பார்த்து இல்லை.
சங்கிலியைக் கழட்டி அவர் காலடியில போட்டேன்.
‘பாதியில நிறுத்தினா நாய் கெட்டுப்போயிடும் மேடம்!’
‘கெட்டுப்போகட்டும்.’
வீட்டுக்கு வந்து கழுத்தைத் துடைத்து மஞ்சள் வைத்தேன். என் மடியெல்லாம் எச்சில் வடித்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. நான் நகரவில்லை.

ஜூலை 1
‘ரெண்டு அடி போட்டாத்தானே படியும்? சாருக்கு நான் என்ன பதில் சொல்றது?’ என்கிறார் தாஸ்.
இந்த மனுஷனோடவா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன்? சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 14
சார் லீவில் வந்திருக்கிறார். வீட்டுக்கே வந்தார். கர்னலைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை. சந்தையில் மாடு பிடிப்பவர் மாதிரி வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். சுந்தரம் மாஸ்டருக்கே கொடுத்துவிடப் போகிறாராம். ‘குட்டி எடுக்க வச்சுக்கறேங்கறார். அவரே படிய வச்சிடுவார்.’
‘சரி சார்’ என்று தாஸ் கயிற்றை எடுத்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.
‘தர மாட்டேன் சார்.’
‘என்ன தாஸ், உன் வைஃப் என்ன சொல்றாங்க?’
தாஸ் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. கயிற்றை நீட்டவும் இல்லை, என்னைத் தள்ளவும் இல்லை. கடைசியில் மெல்ல, ‘அதோட கழுத்தைப் பாருங்க சார்’ என்றார்.
அப்படியென்றால் இவர் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?
சார் பார்க்கவில்லை. ‘நாயையே வச்சுக்கோ. நாளையிலேருந்து வேலைக்கு வராதே’ என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினார்.

ஜூலை 15
தாஸ் பகலெல்லாம் குப்புறப் படுத்திருந்தார். அவர் முதுகில் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு கர்னல். இரண்டும் குறட்டை. வீடு முழுக்க நாய் வாடை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
முனிகிருஷ்ணன் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தாஸ் இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இன்று ஈஜிபுராவில் வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா வேதநாயகி, ‘எத்தனை பேரு?’ என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தாஸ் சொன்னார்:
‘மூணு பேரும்மா.’
‘மூணாவது ஆள் எங்கே?’
தாஸ் கையைக் காட்டினார். புதிதாகப் பெயின்ட் அடித்த கேட்டைக் கர்னல் நக்கிக்கொண்டிருந்தது. தாடையிலிருந்து பச்சை பச்சையாக எச்சில் தொங்கியது. கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.
வீடு கிடைத்துவிட்டது. கேட்டுக்கு நாங்களே மறுபடி பெயின்ட் அடித்துத் தரவேண்டுமாம்.