ஓடாத விசிறிக்கும் கட்டணம்

அம்மா,

இன்று முன்னறை மின்விசிறியைத் துடைத்தேன். ஓடுகிற விசிறியில் தூசி இறக்கையின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டும். இதில் அப்படியில்லை. மேல்பக்கம் முழுக்க, அலமாரித் தட்டில் படிவதுபோல் ஒரே சீராகப் படிந்திருந்தது. நீ அதை ஓட விட்டதே இல்லை.

நான் போடப் போனால், "வேணாம்டி, இழை பறந்துடும்" என்பாய். அது உண்மைதான். ராட்டையில் தறிக்கான தார்க்கண்டு சுற்றும்போது காற்று பட்டால் பட்டு நூல் சிக்கிக்கொள்ளும். நம் தெருவில் யாரும் விசிறி போட்டுக்கொண்டு நூல் சுற்றுவதில்லை. ஆனால் நூல் வராத வாரங்களிலும், நான் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு நீ வெறும் ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நூலே இல்லியேம்மா, எது பறக்கும்?"

"பெரிய வக்கீலு இவ! கரண்டு பில்லு எகிறிகினே போவுது. உனுக்கு லைட்டு எரியட்டும், படி. எனுக்குக் காத்து வேணாம்."

பில் வரும்போதெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். "இத்தினி அடக்கியும் கொறையலியே" என்பாய். பிறகு இன்னும் அடக்குவாய். போன கத்திரி வெயிலில் அந்த அறையிலேயே சுருண்டு விழுந்தாய். வெப்பம் தாக்கியது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நீ வீடு திரும்பவில்லை.

அதன்பின் நானும் அப்பாவும் களம்பூரில் அத்தை வீட்டில் இருந்தோம். இந்த வாடகை வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது பில் காத்திருந்தது. தொகை ஏறக்குறைய உன் காலத்துத் தொகைதான். மீட்டர் கெட்டுவிட்டது என்றார் அப்பா. நான் பில்லை வரிவரியாகப் படித்தேன். மின்சாரம் செலவாகவில்லை, அதற்குத் தொகையும் இல்லை. எல்லாம் 'நிலைக்கட்டணம்' என்ற ஒரு வரியில் இருந்தது.

அடுத்த முறை ரீடிங் எடுக்க வந்தவரிடம் கேட்டேன்.

"இது வூட்டு கனெக்‌ஷனே இல்லம்மா. முன்ன இங்க மாவு மில்லு ஓடிச்சில்ல, அந்த மோட்டாரு லோடு இன்னும் கணக்குல அப்படியே கீது. நீ சுச்சி போட்டாலும் போடாட்டியும் அந்தக் காசு வரும். வூட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டா வூட்டு கனெக்‌ஷனா மாத்திக்கலாம்."

அப்படியென்றால், அம்மா, நீ விசிறியை நிறுத்திவைத்து மிச்சப்படுத்தியது சில்லறை. நீ குறைக்க நினைத்த தொகை உன் விசிறியால் வந்ததே இல்லை. அது என்றோ கழற்றி எடுத்துப்போன ஒரு மோட்டாருக்கான தொகை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போனேன்.

"இத்தினி வருசம் உங்கம்மா வாயத் தொறந்துதா? நாலு எழுத்து படிச்சா போதும், கேள்வி கேக்க வந்துடுதுங்க."

"அம்மாவுக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுங்களே?"

அவர் "அப்பாவ வரச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

"காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்று பயந்துகொண்டேதான் அப்பா போனார். கையெழுத்து கிடைத்தது. இணைப்பும் மாறியது. அந்த மாதமே வாடகை ஏறியது. "கரண்டுதான் கம்மியாய்டுச்சே உங்களுக்கு" என்றாராம் வீட்டுக்காரம்மா. அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

"போவுது வுடும்மா. பேஜாரு" என்றார் என்னிடம்.

நான் விடவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், வெயில் கொண்டுபோய்விட்டது என்று சொல்லும்போதெல்லாம், இல்லை என்று சொல்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல்கிறேன். வாயாடி என்கிறார்கள். இருக்கட்டும். நானும் விட்டுவிட்டால், நீ வியர்த்து உட்கார்ந்திருந்த அத்தனை மதியங்களும் யாருடைய தவறும் இல்லை என்று ஆகிவிடும்.