மத்மாசெல் காமாட்சியின் விண்ணப்பம்

1962 அக்டோபர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். காமாட்சி பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷமும் எழுதிப் போடப் போறேன்."

வணிகப் பள்ளிக்குத்தான். மாலை வகுப்பு, இரண்டு வருடம். போன தடவை சேர்க்க மறுத்துவிட்டார்கள். 'ஆவணங்கள் ஒழுங்கில்லை' என்று ஒரே வரி. நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. என் மனைவிக்கு மார்ச்சில் நாற்பது. ஆக, இதுதான் கடைசித் தடவை.

வீட்டில் நாலு பெண்களை வைத்துத் தைக்கிறாள். ரோஸ் ஹில்லில் சொந்தமாகத் துணிக்கடை போட ஆசை. கடை நடத்தத் தையல் மட்டும் போதாது என்கிறாள். சரிதான். நன்றாகச் சமைக்கிறவர் எல்லாரும் ஓட்டல் நடத்திவிட முடியுமா?

அக்டோபர் 17, புதன்

என்ன ஒழுங்கில்லை என்று கேட்க இருவரும் பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் ஜெரால்டின், மரியாதை தெரிந்த பெண், கோப்பை எடுத்துக் காட்டினாள். மணமான பெண் சேர வேண்டுமானால் கணவன் ஒப்புதல் தர வேண்டும், சட்டம் அப்படி. அதைத்தான் போன வருடமே கொடுத்திருந்தேனே, என் அழகான கையெழுத்தில்! ஆனால் காமாட்சியின் பிறப்புச் சான்றின் ஓரத்தில் இருக்க வேண்டிய திருமணக் குறிப்பு இல்லை. எங்கள் கல்யாணம் கோவிலோடு சரி. பதிவு செய்ய சிவில் ஆபீசுக்குப் போகத் தோன்றவே இல்லை. நம்மவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான்.

"அப்போ நீங்க இவங்களுக்கு யாரு, மிஸ்யே?" என்று தீவின் கிரியோல் பேச்சில், ஐயா போட்டுக் கேட்டாள்.

"புருஷன். நாப்பத்திரண்டாம் வருஷம், கோவில்ல. முந்நூறு பேர் சாப்பிட்டாங்க."

"அந்த முந்நூறு பேரும் இந்தக் கோப்புல இல்லையே, மிஸ்யே."

காமாட்சி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

மனசு சரியில்லை. இருபது வருஷம் ஒரே கூரை, ஒரே சட்டிச் சோறு — காகிதத்தில் நான் இவளுக்கு அந்நியனா? நாளைக்கே நான் கண்ணை மூடினால்? இந்த வீட்டில் இவள் இருக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. திங்கட்கிழமையே போய்ப் பதிந்துவிடலாம், பிறகு முறைப்படி கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பதிஞ்சா உங்க கையெழுத்து வேணும். பதியாட்டி யாரு கையெழுத்தும் வேணாம். நான் கல்யாணமாகாத பொண்ணு, மத்மாசெல்னே எழுதிப் போடுறேன்."

"நான் என்னைக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்லே. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கேக்கணுமில்ல? படிப்பு முடியட்டும், கடை வரட்டும். அப்புறம் பதியலாம்."

அதுவரை நான் இருக்க வேண்டுமே என்றேன்.

"இருப்பீங்க, மிஸ்யே" என்றாள், ஜெரால்டின் குரலிலேயே.

அக்டோபர் 19

பேசவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

காமாட்சியின் அண்ணன் மருதை லாங் மவுண்டனிலிருந்து பஸ்ஸில் வந்தார். எப்படியோ விஷயம் காதுக்கு எட்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கழுத்துல தாலி, காயிதத்துல மத்மாசெல்! ஊரு சிரிக்காதா? மாப்பிள்ளை, வாத்தியாரு நீங்களுமா இதுக்கு உடந்தை?"

"சிரிக்கட்டும் அண்ணே. அண்ணி காயிதத்துல என்ன எழுதியிருக்கு? போய்ப் பாத்தீங்களா?"

மருதை டீயை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "மாப்பிள்ளை, அந்த சிவில் ஆபீசு எந்தப் பக்கம்? சும்மாதான் கேக்குறேன்" என்றார்.

அவர் பஸ் ஏறிய பின் நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பேச்சு திரும்பி வந்தது.

அக்டோபர் 23

வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமானால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். நான் யாருக்கும் மறுத்ததில்லை. நல்ல வாத்தியார் என்ற பெயரே அதனால்தான். ஆனால் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கியபடி நின்ற பிள்ளைக்குத் தொண்டை எப்படிக் காய்ந்திருக்கும்? எல்லாவற்றுக்கும் உதாரணம் சொல்கிறவனுக்கு இந்த உதாரணம் ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

விண்ணப்பத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பார்க்கக் கொஞ்சம் வலித்தது.

நவம்பர் 15, வியாழன்

நேர்காணல். நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சட்டைகூடப் போட்டுவிட்டேன். பிறகு கழற்றி மாட்டிவிட்டு அரிசி களைந்து உலை வைத்தேன்.

வந்ததும் சொன்னாள்: "துணி விக்காம தங்கிட்டா என்ன செய்வே, கடனுக்குக் கேட்டா என்ன செய்வேன்னு கேட்டாங்க. சொன்னேன். கடைசியில அந்தப் பெரியவரு, 'இந்த வயசு வரைக்கும் கல்யாணம் ஆகலையா, மத்மாசெல்?'னாரு."

"நீ என்ன சொன்னே?"

"'ஒருத்தர் இருக்காரு. ரொம்ப அவசரப்படுறாரு. நான்தான் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்'னேன்."

சோறு குழைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

டிசம்பர் 8, சனி

சேர்த்துக்கொண்டார்கள்! உறையின் மேல் 'மத்மாசெல்' என்று பார்த்துவிட்டு, "யாரு, மாஸ்டர், வீட்டுக்கு விருந்தாளியா?" என்றார் தபால்காரர். காமாட்சி நின்றபடியே படித்தாள். பிறகு போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் சக்கரம் சுற்றவில்லை.

1965 பிப்ரவரி 13, சனி

இன்று எங்கள் கல்யாணம் பதிவாயிற்று.

கடை திறந்து சில வாரம் ஆகிறது. உரிமம் அவள் பெயரில். போன வாரம் துணி அளந்துகொண்டே, "சனிக்கிழமை காலையில உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டாள். பதிந்துவிட்டால் கடைக்கும் கணவன் ஒப்புதல் கேட்பார்கள் என்பதால், முதலில் நோட்டரியிடம் போனோம். கடை அவளுடையது, அவளே நடத்துவாள் என்று எழுதி வாங்கினோம். அடுத்து சிவில் ஆபீஸ். சாட்சிக்கு மருதை.

அதிகாரி முதலில் என்னைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, இவரை மணக்கச் சம்மதமா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கோவிலில் யாரும் அவளை இதைக் கேட்கவில்லை. அவள் அப்பாவைக் கேட்டார்கள். அவர் பதில் சொன்னார்.

காமாட்சி உடனே பதில் சொல்லவில்லை. அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.